கேட் டிசைனைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது எப்படி?

கம்ப்யூட்டரில் வரைவதில் என்ன வசதி என்று கேட்டால், "தப்பாக வரைந்தால் அழித்துவிட்டு மறுபடி வரையலாம்" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன். சரியாக வரைந்ததை நாமே அழித்துவிட்டால் என்ன செய்வது என்பதை ஒரு கல்யாணப் பாய் மூலம்தான் தெரிந்து கொண்டேன்.

எனக்குச் சொந்த ஊர் பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கிறது. கோரைப் பாய்க்குப் பெயர் பெற்ற ஊர். பருத்தி நூலைப் பாவாக ஓட்டி, மெல்லிசாகக் கீறிய கோரையை ஊடாகக் கொடுத்து நெய்வார்கள். கல்யாணப் பாய் என்றால் மணமக்கள் பெயரும் கல்யாணத் தேதியும் பாயிலேயே வந்துவிடும். எங்கள் பக்கத்துத் தெருவில் பாய் நெய்யும் அக்கா ஒருவர், பெயர்களை முதலில் கட்டம் போட்ட தாளில் எழுதிப் பார்த்துக் கொண்டுதான் தறியில் உட்காருவார். நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்த மாதங்களில், "இதைக் கம்ப்யூட்டர்ல போட்டுத் தாரியா தம்பி?" என்று கேட்டார்.

பிரீகேட் என்ற இலவச கேட் புரோகிராமில் போட்டேன். "படம்தானே, பெயின்ட் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட் புரோகிராமில் ஒவ்வொரு கோட்டுக்கும் உண்மையான அளவு உண்டு. ஒரு கட்டம் இத்தனை மில்லிமீட்டர் என்று கொடுத்துவிட்டால், பிரின்ட் எடுக்கும்போது அதே அளவில் தாளில் வரும். அந்தத் தாளைப் பாவின் மேல் வைத்தே பார்த்துக் கொள்ளலாம்.

முதல் டிசைனில் ஓரத்துக்கு மாங்காய் போட்டிருந்தேன். பிரின்ட் எடுத்து அக்காவிடமும் கொடுத்தாயிற்று. பிறகு பெண் வீட்டார், ஓரம் எளிமையாக இருக்கட்டும் என்றார்கள். மண்டபம் கிடைக்காததால் கல்யாணத் தேதியும் மாறியது. ஓர் இரவு உட்கார்ந்து மாங்காயை எல்லாம் நீக்கி, கோடுகள் போட்டு, தேதியைத் திருத்தினேன். நல்ல பிள்ளையாக அவ்வப்போது கன்ட்ரோல் + எஸ் அழுத்திச் சேமித்துக் கொண்டேன். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. பழைய மாங்காயே நன்றாக இருந்ததாம். அந்த வாரமே தறியில் ஏற்றினால்தான் முகூர்த்தத்துக்குப் பாய் கிடைக்கும்.

பைலைத் திறந்தேன். மாங்காய் இல்லை. கன்ட்ரோல் + இசட் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.

அண்டு ஏன் உதவவில்லை?

அண்டு என்பது நீங்கள் செய்த வேலைகளைப் பற்றிய ஒரு தற்காலிகக் குறிப்பு. அது கம்ப்யூட்டரின் மெமரியில் இருக்கும். நீங்கள் சேமிக்கும் பைலுக்குள் போகாது. படத்தை மூடிவிட்டால் அந்தக் குறிப்பும் போய்விடும். மறுநாள் திறந்து கன்ட்ரோல் + இசட் அழுத்தினால் திரும்பிப் போக அங்கே எதுவும் இருக்காது. திறந்திருக்கும்போதும் இதற்கு எல்லை உண்டு. பிரீகேடில் எத்தனை படிகள் பின்னால் போகலாம் என்ற எண்ணிக்கை பிரபரன்சஸ் பகுதியில் இருக்கிறது. வேண்டுமானால் கூட்டிக் கொள்ளலாம்.

பைல் மெனுவில் ரிவர்ட் என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். கடைசியாகச் சேமித்த நிலைக்கு மட்டுமே அது கொண்டு போகும். கடைசிச் சேமிப்பே தவறு என்றால் ரிவர்ட் செய்து பயனில்லை. சேமிப்புக்குப் பிறகு செய்த வேலை எல்லாம் போய்விடும் என்பதால், "ஆம்" என்று கிளிக் செய்யும் முன் ஒரு தடவை யோசியுங்கள்.

பேக்கப் பைல் இருந்ததே?

இருந்தது. அதைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. ஏற்கெனவே இருக்கும் பைலின் மீது நீங்கள் சேமிக்கும்போது, பிரீகேட் பழையதைத் தூக்கி எறியாமல் பெயருக்குப் பின்னால் தேதியும் நேரமும் சேர்த்து எப்சிபேக் என்ற நீட்சியுடன் அதே போல்டரில் வைக்கும். முந்தைய பதிப்புகளில் இது எப்சிஎஸ்டிடி1 என்று முடியும். ஆட்டோகேடிலும் இதே ஏற்பாடுதான். டிடபிள்யூஜி பைலைச் சேமித்தால் அதற்கு முந்தைய நிலை பிஏகே என்ற நீட்சியுடன் நிற்கும். நீட்சியை மட்டும் மாற்றிவிட்டால் சாதாரண பைல்போலத் திறந்துவிடலாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் நீட்சிகள் தெரியவில்லையா? விண்டோஸ் அவற்றை மறைத்து வைத்திருக்கும். விண்டோஸ் 11இல் பைல் எக்ஸ்புளோரரைத் திறந்து, வியூ, அதில் ஷோ, அதில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பிஏகே பைலின் பெயரை மாற்றும் முன் அதை வேறொரு போல்டருக்குக் காப்பி செய்து கொள்ளுங்கள். இல்லையென்றால் அதே பெயரில் இருக்கும் புதிய படத்தோடு மோதும்.

நான் அப்படியே செய்தேன். பேக்கப் பைல் திறந்தது. அதிலும் மாங்காய் இல்லை! புதிய படத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு கோடுதான் வித்தியாசம்.

காரணம் எளிது. வேறு எதுவும் அமைக்காவிட்டால் பிரீகேட் ஒரே ஒரு பேக்கப் பைலைத்தான் வைத்துக் கொள்ளும். ஆட்டோகேடின் பிஏகேயும் ஒன்றுதான். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும், அதற்கு முந்தைய சேமிப்பு பேக்கப் ஆகிறது. அதற்கும் முந்தையது காணாமல் போகிறது. நான் அன்றிரவு பத்துப் பன்னிரண்டு தடவை சேமித்திருப்பேன். இரண்டாவது தடவையிலேயே மாங்காய் போய்விட்டது. அடிக்கடி சேமியுங்கள் என்று சொல்லித் தருகிறோம் அல்லவா? அது மின்சாரம் போனால் காப்பாற்றும் பழக்கம். பழைய டிசைனைப் பொறுத்தவரை அடிக்கடி சேமிப்பவருக்குத்தான் அது சீக்கிரம் போகிறது.

பிரீகேடில் எடிட் மெனுவில் பிரபரன்சஸ் திறந்து, ஜெனரல் பிரிவில் டாகுமென்ட் பகுதிக்குப் போனால் எத்தனை பேக்கப் பைல்கள் வேண்டும் என்று கொடுக்கும் இடம் இருக்கும். நான் இப்போது 20 என்று கொடுத்திருக்கிறேன். ஆட்டோகேடில் ஆப்ஷன்ஸ் விண்டோவில் ஓபன் அண்ட் சேவ் டேபில் பேக்கப் காப்பி உருவாக்கும் கட்டத்தில் டிக் அடையாளம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.

ஆட்டோசேவ் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆட்டோகேட் வழக்கமாக 10 நிமிடங்களுக்கு ஒரு முறை தனியாக ஒரு தற்காலிக பைலை எழுதும். அது புரோகிராம் பாதியில் நின்றுவிட்டால் மீட்பதற்காக. ஒழுங்காக மூடினால் அந்தப் பைல் அழிக்கப்பட்டுவிடும். நேற்றைய டிசைனை அதில் தேடாதீர்கள்.

தாளில் இருந்த பழைய டிசைன்

கடைசியில் காப்பாற்றியது அக்காவின் தாள் கட்டு. பழைய தாள் எதையும் அவர் போடுவதில்லை. சுருட்டிக் கயிறு கட்டிப் பரணில் வைத்திருக்கிறார். முதலில் கொடுத்த பிரின்ட்டில் எந்த இடத்தில் எத்தனை நூல், எது சிவப்பு, எது பச்சை என்று பேனாவால் குறித்தும் வைத்திருந்தார். அந்தத் தாளைப் பக்கத்தில் விரித்துக் கொண்டு, கட்டம் கட்டமாக எண்ணி முழு டிசைனையும் மறுபடி வரைந்தேன். விடிய நான்கு மணி ஆயிற்று. காலையில் பிரின்ட்டைக் கொண்டு போய்க் கொடுத்தேன். அக்கா ஒரு நிமிடம் பார்த்தார்.

"தம்பி, தேதி பழசுல்லா?"

மாங்காய் இருந்த தாளில் பழைய தேதிதானே இருக்கும்! எண்ணி எண்ணி வரைந்தவன் அதையும் சேர்த்து வரைந்துவிட்டேன். கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்ற ஒரு நிமிடம் ஆகாது. தறியில் ஏறியிருந்தால்? நெய்த கோரையைப் பிரித்து எடுக்கலாம், ஆனால் எடுத்த கோரை மறுபடி உதவாது, நாளும் போய்விடும் என்றார் அக்கா.

கேட் பற்றி எழுதுபவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத இடம் இதுதான் என்பது என் எண்ணம். பழைய பதிப்புக்குத் திரும்பினால் பிடிக்காத மாற்றங்கள் மட்டும் போவதில்லை. அதற்குப் பிறகு செய்த நல்ல திருத்தங்களும் சேர்ந்து போகும். வீட்டு வரைபடம் வரைபவராக இருந்தால் இப்படி நினைத்துப் பாருங்கள். மாடிப்படியைப் பழைய இடத்துக்கே கொண்டு போகலாம் என்று போன வார பைலைத் திறக்கிறீர்கள். இந்த வாரம் கொத்தனார் சொல்லித் திருத்திய ஜன்னல் அளவு அதில் இருக்காது.

நான் இப்போது செய்யும் முறை

பெரிய மாற்றம் ஒன்றைத் தொடங்கும் முன், சேவ் ஆஸ் கொடுத்து அடுத்த எண்ணில் புதிய பைல் ஆக்குகிறேன். கல்யாணப்பாய்_01_மாங்காய், கல்யாணப்பாய்_02_கோடுஓரம், கல்யாணப்பாய்_03_புதுத்தேதி என்று பெயர் இருக்கும். எண் முன்னால் வந்தால் போல்டரில் வரிசையாக நிற்கும். 9க்குப் பிறகு வரிசை குழம்பாமல் இருக்க 01 என்று இரண்டு இலக்கமாகத் தொடங்குங்கள். என்ன மாறியது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும். "பைனல்", "புது பைனல்", "பைனல் கடைசி" என்று வைத்தால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே எது எதுவென்று தெரியாது.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சேவ் ஆஸ் கொடுத்ததும் நீங்கள் புதிய பைலுக்குள் வந்துவிடுகிறீர்கள். பழையது அப்படியே மூடிக் கிடக்கும். ஆகவே மாற்றத்தைச் செய்யும் முன்னால் சேவ் ஆஸ் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றி, நடுவில் இரண்டு தடவை கன்ட்ரோல் + எஸ்ஸும் அழுத்திவிட்டுப் பிறகு சேவ் ஆஸ் கொடுத்தால், இரண்டு பைலிலும் மாறிய படமே இருக்கும். எந்த பைலில் இருக்கிறோம் என்பதை விண்டோவின் மேல் பட்டையில் அல்லது டேபில் உள்ள பெயரைப் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

திரும்பிப் போக வேண்டி வந்தால், இப்போதைய நிலையையும் ஓர் எண் கொடுத்துச் சேமித்துவிட்டுத்தான் பழையதைத் திறக்கிறேன். பெரும்பாலும் முழுதாகத் திரும்பிப் போவதும் இல்லை. இரண்டு பைலையும் திறந்து, பழையதிலிருந்து தேவையான பகுதியை மட்டும் காப்பி செய்து புதியதில் ஒட்டிவிடலாம். ஆட்டோகேடில் பேஸ்ட் டு ஒரிஜினல் கோஆர்டினேட்ஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒட்டியது பழைய இடத்திலேயே போய் உட்காரும். அன்றைக்கு 01 என்ற பைல் இருந்திருந்தால் மாங்காயை மட்டும் எடுத்து 03இல் ஒட்டியிருப்பேன். தேதியைத் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

இந்த எண் கணக்கைத் தானே பார்த்துக் கொள்ளும் புரோகிராம்களும் உண்டு. தொழிற்சாலைகளில் பயன்படும் புரோ இன்ஜினியர், அதாவது இப்போதைய கிரியோ, சேமிக்கும் ஒவ்வொரு தடவையும் பைல் பெயருக்குப் பின்னால் 1, 2, 3 என்று எண் போட்டுத் தனித்தனி பைலாகவே எழுதும். வேண்டாதவற்றை பர்ஜ் என்று கொடுத்து நாமே நீக்க வேண்டும். ஆட்டோடெஸ்க் பியூஷன் தன் பதிப்புகளை இன்டர்நெட்டில் வைத்துக் கொள்கிறது. பழையது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே புதிய பதிப்பாக மேலே கொண்டு வரலாம். எங்கள் அலுவலகத்தில் புரோகிராம்களுக்கு 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்ற கருவியைப் பயன்படுத்துகிறோம். அதை அக்காவின் பாய்க்கும் வைக்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தேன். கிட் எழுத்தாக உள்ள பைல்களில் எந்த வரி மாறியது என்று காட்டுவதில் கெட்டிக்காரன். பிரீகேட் பைலோ உள்ளே சுருக்கிக் கட்டிய ஜிப் பொட்டலம். மாறியிருக்கிறது என்று சொல்லும். எந்த மாங்காய் என்று சொல்லாது. வீட்டில் பயன்படுத்துபவருக்கு எண் போட்ட பைல்களே போதும்.

கம்ப்யூட்டரே பழுதானால் எல்லா எண்ணும் ஒன்றாகப் போகும் என்பதால் ஒரு காப்பி வெளியே இருக்கட்டும். பென்டிரைவ் போதும். கூகுள் டிரைவில் அதே பைலை மீண்டும் மீண்டும் ஏற்றினால் அது முந்தைய பதிப்புகளையும் வைத்திருக்கும். ஆனால் 30 நாள் அல்லது 100 பதிப்புகள் என்ற எல்லை உண்டு. நீங்கள் குறித்து வைக்காத பழையவை அதன் பிறகு போய்விடும்.

இங்கே பதிப்பு என்று நான் சொல்வது உங்கள் டிசைனின் பதிப்பை. புரோகிராமின் பதிப்பு வேறு. வீட்டில் புதிய ஆட்டோகேடில் சேமித்த படம், கல்லூரி லேபில் உள்ள பழைய ஆட்டோகேடில் திறக்காமல் போகலாம். அப்போது சேவ் ஆஸ் டயலாக் பாக்ஸில் கீழே உள்ள பைல் வகையில் பழைய ஆண்டைத் தேர்ந்தெடுத்து, அதையும் தனிப் பெயரில் சேமியுங்கள்.

கல்யாணப் பாய் முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. மாங்காயும் இருந்தது, தேதியும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு அக்கா வேறொரு கல்யாணத்துக்கு வாங்கிய டிசைன் 14ஆம் எண் வரை போனது. அத்தனை பைலையும் சேர்த்தால்கூட ஒரு சினிமாப் பாட்டு பிடிக்கும் இடத்தைப் பிடிக்கவில்லை. அக்கா மட்டும் இப்போதும் ஒவ்வொன்றுக்கும் பிரின்ட் கேட்கிறார். பரணில் கட்டு பெருத்துக் கொண்டே போகிறது.