ஈரத்துணி வைத்தியம்

சேலத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா வைத்திருந்த பிரீமியர் பத்மினி. காலையில் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்கிறது, ஏற்காடு மலையும் சிணுங்காமல் ஏறுகிறது. மேலே டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறதே ஒழிய வண்டி கிளம்புவதில்லை. பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கால்மணி நேரம் காத்திருந்தால் கிளம்பிவிடுகிறதாம். ‘ஏர்லாக்தானே சார், நிரந்தர வைத்தியம் உண்டா?’ என்று கேட்கிறார்.

ஏர்லாக்காக இருக்கலாம். ஆனால் ஈரத்துணியை அதற்குச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

கார்புரேட்டர், பிளக் எல்லாம் பத்மினிக்காரருக்குப் பாலபாடம். நேரே பம்புக்குப் போகலாம். அது என்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. கேம்ஷாஃப்ட் தள்ளத் தள்ள உள்ளே டயாஃப்ரம் ஆடி, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். பெட்ரோலோ பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. லேசானவை 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும், கனமானவை 200 வரை தாங்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் காற்றழுத்தமும் அங்கே குறைவு. ஏர்லாக் என்பது இதுதான்: குழாயில் ஆவி நிறைந்துவிட்டால் பம்பின் பாடு, வாஷர் காய்ந்துபோன எங்கள் தெரு அடிபம்பின் பாடுதான். எத்தனை அடித்தாலும் உள்ளே காற்று சுருங்கி விரியுமே தவிர தண்ணீர் ஏறாது.

ஓடும்போது வராத தொல்லை நிறுத்தின பிறகு ஏன் வருகிறது? இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் இதுதான். சாவியை அணைத்ததும் ஃபேன் நிற்கிறது, ரேடியேட்டர் தண்ணீரின் ஓட்டம் நிற்கிறது, பம்பைத் தானே குளிர்வித்துக்கொண்டிருந்த பெட்ரோல் ஓட்டமும் நிற்கிறது. ஆனால் இரும்பு பிளாக்கும் சைலன்சர் மேனிஃபோல்டும் சேர்த்து வைத்த சூடு எங்கும் போய்விடவில்லை. அது மெல்லச் சுற்றிலும் பரவுகிறது. அணைத்த அடுத்த பத்து, பதினைந்து நிமிஷம் பானெட்டுக்குள் சூடு குறைவதில்லை, ஏறுகிறது! இரண்டு நிமிஷம் நிறுத்தினால் கிளம்பும், ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் கிளம்பும், ஒரு டீ குடிக்கிற நேரம் நிறுத்தினால் மட்டும் மக்கர் பண்ணும்.

இந்தச் சூட்டில் பழுதாவது பம்ப் மட்டும் என்றால் விஷயம் சுலபம். கார்புரேட்டரின் மிதவை அறையிலுள்ள பெட்ரோல் கொதித்து வழிந்து என்ஜினுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. அது ஏர்லாக்குக்கு நேர் எதிர். அங்கே பெட்ரோல் பஞ்சம், இங்கே வெள்ளம். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள். மூன்றாவது ஆள் இக்னிஷன் காயில் அல்லது கண்டன்சர். பிளாட்டினம் முனைகள் விலகும் நொடியில் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும் மின்சாரத்தைக் கண்டன்சர் வாங்கிக்கொள்வதால்தான் காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை எழுப்ப முடிகிறது. வயதான கண்டன்சர் சூட்டில் கைவிட்டு, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்யும்.

மூன்றுமே கால்மணி நேரம் ஆறினால் சரியாகிவிடும். துணிக்குப் பேர் கிடைத்தது இப்படித்தான். பொறுத்திருந்தது நீங்கள்.

அதனால் அடுத்த முறை நின்றதும் துணியைத் தேடாதீர்கள். காயிலிலிருந்து வரும் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிடுங்கி, பிடியில் இன்சுலேஷன் உள்ள கட்டிங் பிளேயரால் என்ஜின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பளிச்சென்று நீலப்பொறி சடசடத்தால் மின்சாரத்தில் குறையில்லை. மஞ்சளாக, சோகையாக வந்தால் முதலில் கண்டன்சர், பிறகு காயில். பெட்ரோல் வாடை அடிக்கும்போது மட்டும் இந்தச் சோதனை கூடவே கூடாது.

பொறி நன்றாக இருந்தால், காயிலுக்கு வரும் கரண்ட் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ஃப் அடித்துப் பாருங்கள். நுரையும் குமிழியுமாக வந்தாலோ ஒன்றுமே வராவிட்டாலோதான் ஏர்லாக் சந்தேகம் உறுதிப்படும்.

ஐந்து நிமிஷ வேலை. இதைச் செய்யாமல் பம்ப், காயில், கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றிப் பில் போடும் பட்டறைகளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். போதாக்குறைக்கு, பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவில் சூட்டைத் தடுக்க வைத்திருக்கும் கனமான பேக்கலைட் துண்டைத் தொலைத்துவிட்டு மெல்லிய கேஸ்கெட்டோடு மூடிவிடுகிறார்கள். போனது அற்பத் துண்டுதான். பம்ப் அடுப்பில் வைத்த மாதிரி ஆகிவிடும்.

இப்போது பங்க்குகளில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரை உப்ப வைக்கும், வெடிக்க வைக்கும். உறிஞ்சும் பக்கத்து ஹோஸில் மயிரிழை விரிசல் விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஹோஸ், டயாஃப்ரம் இரண்டையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுங்கள்.

அப்புறமும் தீராவிட்டால், டேங்க் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரிக் பம்ப். அது உறிஞ்சாமல் தள்ளும் என்பதால் குழாயில் அழுத்தம் கூடும், கொதிநிலையும் ஏறும். ஆனால் இன்ஜெக்‌ஷன் கார் பம்பை வாங்கி மாட்டிவிடாதீர்கள். அது ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் தள்ளும்; கார்புரேட்டரின் ஊசி வால்வு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தாங்காது.