நாடியைக் காத்தால் ஆயுள் குறையுமா?

கடைசிப் பாத்திக்கு நீர் செல்லாமல் தடுக்க வேண்டித் தலைவாய்க்காலையே அடைப்பவன், இடையிலுள்ள நல்ல பாத்திகளையும் வாட விடுகிறான். தோட்டம் செய்வோர் யாவரும் அறிந்த உண்மை இது. நேர்குடலில், அதாவது பெருங்குடலின் கடைசிப் பகுதியில், புற்றுநோய் கண்டவருக்குச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர் முன்னும் இத்தகைய கேள்வியொன்று நூறாண்டுக்கு மேலாக நின்று வந்திருக்கிறது.

உடலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். வயிற்றின் பின்புறமாக இறங்கும் பெருநாடியிலிருந்து ஒரு நாடி பிரிந்து குடலை நோக்கி வருகிறது. அதன் முதற்கிளை இடப்பக்கப் பெருங்குடலுக்குச் செல்ல, எஞ்சிய பகுதி கீழிறங்கி நேர்குடலை அடைகிறது. இந்நாடியை ஒட்டியே நிணநீர்க் கணுக்கள் வரிசையாக அமைந்துள்ளன. புற்றுநோய் பரவும் பாதையும் அதுவே. ஆகவே நாடியை அதன் தொடக்கத்திலேயே கட்டி அறுப்பதா, முதற்கிளையை விட்டு அதற்குக் கீழே அறுப்பதா என்பதே வழக்கு.

இவ்வழக்கு 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுந்தது. இலண்டன் வைத்தியரான ஏர்னஸ்ற் மைல்ஸ், முன்னைய முறைப்படி தாம் சிகிச்சை செய்த 57 பேரில் 54 பேருக்கு நோய் மீண்டதைக் கண்டார். எனவே வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறமாகவும் குடலை அகற்றும் புதிய முறையை வகுத்தார். எனினும் முதற்கிளைக்குக் கீழேயே நாடியைக் கட்டினார். அதே ஆண்டில் லீட்ஸ் நகரத்து மொயினிஹன், தொடக்கத்திலேயே கட்ட வேண்டும் என்று வாதித்தார்.

இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. தொடக்கத்தில் அறுத்தால் கணுக்கள் யாவும் ஒருங்கே வந்துவிடும். ஆனால் எஞ்சிய குடல், சுற்றுவழியாக வரும் குருதியையே நம்பி வாழ வேண்டும். நாடிகள் தடித்துப்போன முதியவருக்கு அது போதாமற் போகலாம். குடலைப் பொருத்திய இடம் ஆறாது கசியுமோ என்ற அச்சமும் உண்டு. மேலும், சிறுநீர்த் தொழிலை ஆளும் நரம்புகள் அந்நாடியின் தொடக்கத்தை ஒட்டியே செல்கின்றன.

1991ஆம் ஆண்டளவில், வயிற்றைப் பெரிதாகக் கீறாது, சிறு துவாரங்களின் வழியே கமராவையும் கருவிகளையும் செலுத்திக் குடலை வெட்டும் முறை அமெரிக்காவில் அறிமுகமாயிற்று. கமரா உறுப்புகளைப் பெருப்பித்துக் காட்டுவதால், நாடியைச் சூழ்ந்த கணுக்களை மட்டும் உரித்தெடுத்து, முதற்கிளையைக் காப்பது கைகூடிற்று.

ஆயினும் நோயாளியின் குடும்பத்தார் அறிய விரும்புவது ஒன்றே: ஆயுள் நீளுமா? எட்டு நாடுகளில் 1,044 நோயாளரை ஆராய்ந்து 2015இல் வெளியான முடிவின்படி, துவார முறையிலும் திறந்த முறையிலும் மூன்றாண்டுக்குள் இடுப்பறையில் நோய் மீண்டோர் நூற்றுக்கு ஐவரே. உயிர் வாழ்ந்தோர் முறையே 86.7, 83.6 வீதத்தினர். இவ்வேறுபாடு பெரிதன்று. நாடியைக் காத்தல் பற்றியும் ஆய்வுகள் நடந்தன. 2019இல் வெளியான இத்தாலிய ஆய்வொன்றில், கிளையைக் காத்தவர்களின் சிறுநீர்த் தொழில் மேம்பட்டிருந்தது. கசிவிலோ பெரிய வேறுபாடு இல்லை. கணுக்களைச் செவ்வனே களைந்திருப்பின், கிளையைக் காத்ததனால் ஆயுள் குறைந்ததாகவும் காணப்படவில்லை.

அங்ஙனமாயின் ஆயுளைத் தீர்மானிப்பது எது? நோய் எந்நிலையிற் கண்டுபிடிக்கப்பட்டது என்பதே முதன்மையானது. அமெரிக்கக் கணக்கின்படி, நோய் குடலளவில் நிற்கும்போது கண்டறியப்பட்டவர்களுட் பத்துப் பேருக்கு ஏறக்குறைய ஒன்பது பேர் ஐந்தாண்டைக் கடக்கின்றனர். தூர உறுப்புகளுக்குப் பரவிய பின்னரோ இருவரும் தேறுவது அரிது.

மலத்தோடு குருதி கண்டால், 'மூலவியாதிதானே' என்று நாட்டு மருந்தோடு நாட்கடத்துவோர் நம்மிடையே பலர். வெட்கத்தால் மனைவி மக்களுக்கும் சொல்லாது மறைப்போரும் உளர். மூலமாகவே இருக்கலாம், ஆனால் அதனை உறுதி செய்ய வேண்டியவர் வைத்தியரே. மலப்போக்கு வாரக்கணக்கில் மாறியிருத்தல், காரணமின்றி உடல் மெலிதல், சோகை ஆகியவற்றையும் அலட்சியம் செய்யலாகாது. வீட்டில் முதியோர் உள்ள பிள்ளைகள் இதைப் பற்றித் தயங்காது கேட்டறிவார்களாக. காலத்தோடு வருபவருக்கே வைத்தியரின் கைத்திறன் முழுப்பயனையும் தரும்.