லாரிக்கு ஊற்றும் பாட்டில்: வாங்கும் முன்பும் ஏமாந்த பின்பும்

பூம்பாறைப் பூண்டும் மன்னவனூர் கேரட்டும் தாண்டிக்குடி வாழையும் சந்தைக்கு இறங்குவது லாரியில்தான். கொடைக்கானல் மலைக்கு வேண்டிய அரிசியும் சிமென்டும் ஏறுவதும் லாரியில்தான். ஒவ்வொரு நடையிலும் வாடகையில் பெரும்பங்கை டீசல் தின்றுவிடுகிறது. "இந்த பாட்டிலை டேங்கில் ஊற்றுங்கள், மைலேஜ் கூடும், புகை நிற்கும், புல்லிங் வரும்" என்று ஒருவர் சொன்னால், தவணை கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவருக்கு ஆசை வருவது இயல்பு. காசைக் கொடுக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்றம் கேட்கும் டீசல்

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏற்றம் சுமார் 1,800 மீட்டர். சரக்கோடு 16 டன் இருக்கும் லாரியை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே, நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்கு ஏறக்குறைய 20 லிட்டர் டீசல் ஆகும். டயர் உருளவும், கொண்டை ஊசி வளைவுகளில் நின்று புறப்படவும் ஆகும் செலவு தனி. எடையும் உயரமும் குறையாமல் இந்தக் கணக்கு குறையாது.

கரும்புகைக்கும் காரணம் உண்டு. கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. காற்று போதாவிட்டால் டீசல் முழுதாக எரியாது. டர்போ இல்லாத பழைய வண்டிகள் மேலே போகப்போகத் திணறுவது இதனால்தான். அதோடு ஏர் ஃபில்டர் அடைப்பு, டர்போ குழாய்க் கசிவு, நாசில் ஒழுகல் சேர்ந்தால் புகை இன்னும் கூடும். இவை மெக்கானிக் பார்த்துச் சரிசெய்ய வேண்டிய குறைகள். எந்தத் திரவமும் இன்ஜினுக்குக் காற்றைக் கூட்டித் தராது.

ஆயிலில் ஊற்றினால் என்ன ஆகும்?

அழுக்கைக் கழுவும் பொருள், கரியைப் படியவிடாமல் வைத்திருக்கும் பொருள், தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மம் எல்லாம் இன்ஜின் ஆயிலில் ஏற்கெனவே அளவோடு கலந்திருக்கின்றன. அந்தக் கலவையை இன்ஜினில் ஓட்டிச் சோதித்த பிறகே சிஐ-4 பிளஸ், சிகே-4 போன்ற தரக் குறியீடு வருகிறது. மேலும் ஒன்றை ஊற்றினால் அந்த அளவு கெடுகிறது. ஆயிலைக் கெட்டியாக்கும் திரவம், ஆயில் குடிக்கும் வண்டியின் புகையைக் கொஞ்ச நாள் மறைக்கும். தேய்ந்த ரிங்கை அது சரிசெய்யாது. ரிப்பேர் தள்ளிப்போய்ச் செலவுதான் பெருகும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பிஎஸ்-6 லாரிகளில் ஆபத்து இன்னும் அதிகம். சைலன்சர் பக்கம் உள்ள டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் கரி சூட்டில் எரிந்துவிடும். உலோகம் கலந்த திரவங்கள் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாமல் தங்கி அடைத்துக்கொள்ளும். வண்டிக் கையேடு தடை செய்த பொருளை ஊற்றியிருந்தால், வாரண்டி கேட்கும்போது நிறுவனம் அதையே காரணமாகக் காட்டலாம். ஆட்புளூ எனப்படும் யூரியாக் கரைசலும் டீசலில் கலப்பதற்கானது அல்ல. அதற்கான தனி டேங்கில் மட்டுமே ஊற்ற வேண்டும். டீசல் டேங்கில் விழுந்தால் பம்பும் நாசிலும் போய்விடும்.

எப்போது பயன் உண்டு?

எல்லாச் சேர்ப்புப் பொருளும் மோசடி அல்ல. கந்தகம் 10 பிபிஎம் அளவுக்குக் குறைக்கப்பட்ட இன்றைய டீசலில், பம்பு தேயாதிருக்க வேண்டிய வழுவழுப்பைச் சுத்திகரிப்பு நிலையங்களே சேர்த்துத் தருகின்றன. லடாக்கின் கடுங்குளிரில் உறையாத டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. நாசிலில் படிவு இருப்பதைச் சோதித்துப் பார்த்து, வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் மையம் ஒரு கிளீனரைப் பரிந்துரைத்தால் பயன்படுத்தலாம். என்ன குறை என்று தெரியாமல் மாதந்தோறும் ஊற்றுவதுதான் வீண்.

பெரிய பெயர்களும் இதில் மாட்டியிருக்கின்றன. தேய்மானத்தைக் குறைக்கும் என்ற விளம்பரத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஸ்லிக் 50 மீது அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 1996இல் நடவடிக்கை எடுத்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டைப் பரபரப்பாக்கிய மூலிகை பெட்ரோலும் ஐஐடி சோதனையில் தேறவில்லை.

சட்டம் உங்கள் பக்கம்

"லாரி வைத்துத் தொழில் செய்கிறவர் நுகர்வோர் ஆகமாட்டார்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். கோவை பிஎஸ்ஜி நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: பிழைப்புக்காகத் தானே ஓட்ட லாரி வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் சுயதொழில் பிழைப்புக்கு இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. லாபத்துக்காகப் பல வண்டிகளை ஆள் வைத்து ஓட்டும் நிறுவனங்களுக்கு மட்டும் இந்த வழி கடினம்.

தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகும். பில் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறையே.

செய்ய வேண்டியவை

- "எத்தனை சதவீதம் மைலேஜ் கூடும், எந்த ஆய்வகம் சோதித்தது?" என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்காதீர்கள்.
- மலை இறக்கத்தில் காட்டும் மைலேஜை நம்பாதீர்கள். ஒரே பாதை, ஒரே லோடு, டேங்க் நிரப்பி ஏறி இறங்கிப் பல நடை பார்த்தால்தான் அது கணக்கு.
- பில், பாட்டில், விளம்பரத் தாள், வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பிரிக்காத பாட்டில் ஒன்று இருந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப உதவும்.
- வண்டி பழுதானால், பிரிப்பதற்கு முன் படம் எடுத்து, மெக்கானிக்கிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள்.
- முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தவறான விளம்பரம் பற்றி மாவட்ட ஆட்சியரிடமும் புகார் தரலாம்.
- தீராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள். விற்றவர் வெளியூரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

பாட்டிலுக்கு ஆகும் பணத்தை ஏர் ஃபில்டருக்கும், கையேடு சொல்லும் ஆயிலுக்கும், நாசில் சோதனைக்கும் போடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் கொடுக்கும் ஒரு புகார், இதே ரோட்டில் ஓடும் மற்றவர்களின் பணத்தையும் காப்பாற்றும்.