ஒழுகாத வாளி: தகரக் கலங்களின் பொருத்தும் பற்றாசும்

தோட்டத்து மக்களுக்கு வாளியின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மரத்துக்கு மரம் நடந்து, மங்கிலிருந்து வழித்தெடுத்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பின் இருபுறமும் தொங்கவிட்டுப் பால் நிறுக்கும் இடத்திற்குச் சுமந்து சென்ற காலத்தில், கூலியை முடிவு செய்தது நிறுவையே ஆகும். வாளியின் அடிப்பொருத்து இற்றுவிட்டால், நிரையிலிருந்து கொட்டகை வரையில் நடந்த வழியெல்லாம் வெள்ளைக் கோடு விழும். அக்கோடு அன்றைய கூலியில் விழுந்த கோடு. ஆகவே வாளியைக் கவிழ்த்து வைத்துப் பொருத்தை விரலால் தடவிப் பார்ப்பது, கத்தியைத் தீட்டுவதைப் போன்றே வெட்டுமரத் தொழிலின் ஓர் அங்கமாக இருந்தது.

இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் வாளிகள் வந்துவிட்டன. ஆயினும் கூரைத் தண்ணீர் வடியும் தகரப் பீலி, பூச்செடிக்கு நீர் ஊற்றும் தகரக் குவளை, பூசையறைப் பித்தளைச் செம்பு, கடையில் வாங்கும் மீன் டின் ஆகிய யாவும் பொருத்துள்ள கலங்களே. குழாயில் நீர் வராத நாட்களில் கம்போங் மேடானிலும் சுற்று வட்டாரத்திலும் கையில் கிடைத்த கலங்களில் எல்லாம் நீர் பிடித்து வைக்கின்றோம். 1998ஆம் ஆண்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏற்பட்ட தண்ணீர்ப் பஞ்சத்தைப் பெற்றோர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாறு நீர் நிற்கும் கலம் எதனால் ஒழுகாமல் நிற்கின்றது என்பதையும், அதன் பொருத்தில் பூசப்பட்டிருப்பது என்ன என்பதையும் அறிந்துகொள்வது நலம். இரண்டாவது வினா பிள்ளைகளின் உடல்நலத்தைத் தொடுவதாகும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். தகரம் என்று நாம் சொல்வது மெல்லிய இரும்புத் தகடே. வெறும் இரும்பு துருப்பிடிக்கும். ஆதலால் அதன்மேல் வேறோர் உலோகத்தைப் பூசுகின்றனர். வாளிக்கும் கூரைக்கும் பூசுவது துத்தநாகம். பிஸ்கட் டின்னுக்கும் மீன் டின்னுக்கும் பூசுவது வெள்ளீயம். இதுவே நம் நாட்டுச் சுரங்கங்களில் கிடைத்த ஈயம். காரீயம் என்பது முற்றிலும் வேறான உலோகம். கனமானது, மென்மையானது, நஞ்சுடையது. நம் பேச்சு வழக்கில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுகின்றோம். இந்தச் சோம்பலினால் விளையும் கேட்டைப் பின்னர்க் காண்போம்.

வெள்ளீயம் நமக்கு அயலானதன்று. கோலாலம்பூர் நகரமே 1857இல் அம்பாங் பக்கம் ஈயம் தோண்டச் சென்ற சீனத் தொழிலாளரால் தோன்றியது. நமக்கு அருகிலுள்ள சன்வே நகரம் பழைய ஈயச் சுரங்க நிலத்தின்மீது எழுந்ததே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகிலேயே மிகுதியாக ஈயம் எடுத்த நாடு மலாயா. அந்த ஈயம் கப்பலேறி வேல்ஸ் நாட்டுத் தகட்டு ஆலைகளுக்குச் சென்றது. அத்தகைய வெள்ளீயத் தகட்டால் ஆனவையே தோட்டங்களுக்கு வந்த நாற்சதுர மண்ணெண்ணெய்த் தகரங்கள். நான்கு காலன் கொள்ளும் அத்தகரத்தை எண்ணெய் தீர்ந்த பின்பும் எவரும் எறிந்ததில்லை. குறுக்கே ஒரு கட்டையை அடித்தால் அது தண்ணீர் வாளி. பிளந்து விரித்தால் கூரைக்கு ஒட்டு.

இனிப் பொருத்துக்கு வருவோம். தகட்டின் இரு ஓரங்களை முட்ட வைத்து இடையில் ஈயத்தை உருக்கி ஊற்றினால் போதாதா என்று மாணவர் கேட்கலாம். போதாது. ஈயம் மிருதுவான உலோகம். வாளி நிறைய நீரின் பாரத்தை அது நெடுநாள் தாங்காது. பாரத்தைத் தாங்கவேண்டியது மடிப்பு. நீரைத் தடுக்கவேண்டியது ஈயம். இந்த வேலைப் பங்கீடே தகரவேலையின் உயிர்நிலை எனலாம்.

இரண்டு காகிதத் துண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் ஒரு விரல் அகலம் கொக்கிபோல் மடியுங்கள். ஒன்றின் கொக்கியை மற்றதன் கொக்கியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். இழுக்க இழுக்க அவை இறுகுகின்றன. தகரவேலை செய்வோர் இவ்வாறே மாட்டி, மேலே சுத்தியலால் தட்டிப் படியவைப்பர். பின்னர்ப் பள்ளம் உள்ள ஓர் உளியை வைத்துத் தட்டி, மடிப்பின் ஓரத்தைச் சற்றே கீழிறக்குவர். அதன் பிறகு மடிப்பு கழன்றுவராது. அந்த இடத்தில் நான்கு அடுக்குத் தகடு இருக்கும்.

மடிப்புக்கு வேண்டிய தகட்டை முன்னதாகவே கணக்கிட்டு வெட்டவேண்டும். விதி எளியது: மடிப்பு எத்தனை அகலமோ அதன் மூன்று மடங்கு கூடுதல். 28 செண்டிமீட்டர் விட்டமுள்ள உருளைக் கலத்தின் சுற்றளவு, விட்டத்தை 22/7 ஆல் பெருக்க, 88 செண்டிமீட்டர். மடிப்பின் அகலம் 6 மில்லிமீட்டர் என்றால் கூடுதல் 18 மில்லிமீட்டர். ஆக வெட்டவேண்டிய நீளம் 89.8 செண்டிமீட்டர். இதில் தவறினால் அடித்தட்டு உடலோடு பொருந்தாது. (வாய் அகன்று அடி குறுகிய வாளிக்குத் தகட்டை விசிறி வடிவில் வெட்டவேண்டும்; அக்கணக்கை ஆறாம் ஆண்டு மாணவர்கள் முயன்று பார்க்கலாம்.) அடித்தட்டைப் பொருத்துவதும் மடிப்பினாலேயே. உடலின் கீழ் ஓரத்தை வெளிப்பக்கம் சற்று விரித்து, தட்டின் ஓரத்தால் அதனைக் கவ்வச் செய்து, இரண்டையும் சேர்த்து மேல்நோக்கி மடக்கிவிடுவர்.

இவ்வளவு செய்தும் நீர் ஒழுகும். மடிப்பினுள் மயிரிழை போன்ற இடைவெளி வளைந்து வளைந்து செல்கின்றது. நீர் பொறுமையாக அவ்வழியே வந்துவிடும். இங்கேதான் பற்றாசு வேண்டப்படுகின்றது. உலோகத்தை உலோகத்தோடு பற்றச் செய்யும் உருகு கலவைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது. தமிழ் யாப்பிலும் இச்சொல் புகுந்துள்ளது. நேரிசை வெண்பாவில் முன்னுள்ள குறளையும் தனிச்சொல்லையும் இசையச் செய்ய ஓரிரண்டு அசைகளைக் கூட்டுவதை ‘ஆசு’ என்பர். உரைகாரர் அதனைப் பொற்கொல்லர் இடும் பற்றாசுக்கு ஒப்பிடுவர். பட்டறைத் தொழிலைப் புலவர்கள் எவ்வளவு உன்னிப்பாகக் கண்டுள்ளனர் என்பது வியப்பிற்குரியது.

விளக்குத் திரியில் எண்ணெய் தானே மேலேறுவதை அறிவீர்கள். குறுகிய இடைவெளியில் நீர்மம் தானே புகுந்து ஏறும் தன்மையை நுண்புழை ஏற்றம் என்பர். உருகிய பற்றாசும் அவ்வாறே மடிப்பினுள் இழுக்கப்படுகின்றது. இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால் மிக நன்றாக ஏறும். அதிகம் அகன்றால் ஏறாது; ஆதலால் மடிப்பு இறுக்கமாக இருத்தல் வேண்டும். பசை ஒட்டுவதுபோல் ஈயம் வெறுமனே ஒட்டிக்கொள்வதன்று. உருகிய வெள்ளீயம் இரும்போடு கூடி, அவ்விடத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கலப்புப் படலம் ஒன்றை உண்டாக்குகின்றது. அப்படலம் தோன்றவேண்டுமாயின் இரண்டு நிபந்தனைகள் உண்டு: தகடு தூய்மையாக இருக்கவேண்டும், தகடே சூடாகியிருக்கவேண்டும்.

தூய்மை என்பது நீரால் கழுவுவது மட்டுமன்று. காற்றுப் பட்ட உலோகத்தின் மீது துருப்படலம் உடனே படிகின்றது. சுட்டால் இன்னும் மிகுதியாகப் படிகின்றது. அதனைக் கரைத்து விலக்கவே நவச்சாரம், குங்கிலியப் பிசின், துத்தநாகத்தைக் கரைத்த அமிலம் முதலியவற்றைத் தடவுகின்றனர். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரத்தைத் தூவியதும் வெண்புகை எழுவதைக் கண்டவர் உண்டு. அமிலம் கலந்ததைப் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் சுடுநீர் விட்டுப் பலமுறை கழுவவேண்டும். கழுவாவிடில் ஒழுகாமல் பற்றவைத்த அதே பொருத்தை அந்த அமிலமே சில மாதங்களில் அரித்துவிடும். அமிலத்தை மாணவர்கள் தொடவே கூடாது.

சூட்டைப் பொறுத்தவரை பழகாத கையில் ஏற்படும் பிழை ஒன்றே. உருகிய ஈயத்தைக் குளிர்ந்த தகட்டின் மீது சொட்டவிடுகின்றனர். அது தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டு நிற்கும். நகத்தால் நெம்பினால் பெயர்ந்துவிடும். கைதேர்ந்தவர் செம்புத் தலையுள்ள கோலைச் சுட்டு, அதன் முனைக்கு முதலில் ஈயம் பூசி, பின்னர்ப் பொருத்தின்மீது அழுத்தி மெதுவாக நகர்த்துவர். செம்பு சூட்டை விரைவாகத் தகட்டுக்குக் கடத்தும். தகடு சூடானதும் ஈயம் தானே ஓடி மடிப்பினுள் மறையும். மேலே குவிந்து கிடக்கும் ஈயம் வீண். ‘ஈயம் பூசினாற் போலவும் இருக்கவேண்டும், பூசாதது போலவும் இருக்கவேண்டும்’ என்ற பழமொழியை நாம் பேச்சுச் சாதுரியத்திற்கே பயன்படுத்துகின்றோம். பட்டறையில் அது நேர்ப்பொருளிலேயே உண்மை.

ஓர் எச்சரிக்கையை ஈண்டுக் கூறியாகவேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியன இருந்த தகரத்தை நெருப்புக்கு அருகில் கொண்டுபோய்ப் பற்றவைக்கக் கூடாது. காலியாகத் தோன்றும் தகரத்தில் எண்ணெய் ஆவி நிறைந்திருக்கும். எண்ணெய் நிறைந்த தகரத்தைவிட ஆவி நிறைந்த தகரமே வெடிக்கும். அத்தகைய கலத்தைப் பழுது பார்ப்பதைவிட எறிந்துவிடுவதே மேல் என்பது நம் கருத்து.

பொருத்து நன்றாக அமைந்ததா என்று சோதிக்க ஒரு பழைய முறை உண்டு. பொருத்தின் வெளிப்புறம் சுண்ணக்கட்டியை நீரில் குழைத்துப் பூசி உலரவிட்டு, உட்புறம் மண்ணெண்ணெய் தடவுவர். மண்ணெண்ணெய் நீரைவிட நுண்ணிய வழியிலும் நுழையும். எங்கேனும் துளை இருந்தால் வெள்ளைச் சுண்ணத்தில் ஈரக்கறை தோன்றும். குடிநீர்க் கலத்துக்கு இம்முறை ஆகாது. நீரை நிரப்பி ஓரிரவு உலர்ந்த தாளின் மீது வைத்தாலே போதும்.

பற்றாசில் என்ன இருக்கின்றது? வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகும். காரீயம் 327இல் உருகும். இரண்டையும் 63க்கு 37 என்ற அளவில் கலந்தால், தனித்தனியே உருகும் சூட்டைவிடக் குறைந்த 183 பாகையிலேயே கலவை உருகிவிடுகின்றது. எளிதில் உருகும், நன்றாக ஓடும், மலிவானது. இக்காரணங்களால் நெடுங்காலம் காரீயம் கலந்த பற்றாசே எங்கும் வழங்கியது. கேடும் அங்கேயே இருந்தது. புளியும் பழச்சாறும் நெடுநேரம் நிற்கும் நீரும் காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். அது வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கிக் கற்கும் ஆற்றலைக் குறைக்கின்றது. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. குடிநீருக்கு அந்நிறுவனம் குறித்துள்ள வரம்பு லீட்டருக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே.

1845இல் இங்கிலாந்திலிருந்து வடதுருவக் கடல்வழி தேடிச் சென்ற பிராங்க்ளின் குழுவினர் 129 பேரும் மாண்டனர். 1984, 1986ஆம் ஆண்டுகளில் ஆய்வாளர் ஓவன் பீட்டி, பனியில் உறைந்து கிடந்த மூன்று மாலுமிகளின் உடல்களை ஆராய்ந்தபோது அவற்றில் காரீயம் மிகுந்திருக்கக் கண்டார். உணவு டின்களின் பற்றாசே காரணம் என ஐயுற்றார். பின்வந்தோர் சிலர் அதனை மறுத்துரைத்தனர்; மரணத்துக்குக் குளிரும் பசியும் நோயுமே முதற்காரணம் என்பர். எனினும் டின்னின் பொருத்தை உலகம் ஐயத்துடன் பார்க்க அந்த ஆய்வும் தூண்டுகோலாயிற்று. அமெரிக்காவில் 1986இல் குடிநீர்க் குழாய்களிலும், 1995இல் உணவு டின்களிலும் காரீயப் பற்றாசு தடைசெய்யப்பட்டது. இப்பொழுது வெள்ளீயத்துடன் சிறிதளவு செம்போ வெள்ளியோ சேர்ந்த பற்றாசு கிடைக்கின்றது. விலை சற்று அதிகம்; உருகும் சூடும் 220 பாகைக்கு மேல். குடிநீர், உணவு படும் கலத்துக்கு அதுவே தகும்.

ஆதலால் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பித்தளைப் பாத்திரத்தையோ இரசம் வைக்கும் ஈயச் சொம்பையோ வாங்கும் தாய்மார்கள், ‘இது வெள்ளீயந்தானா, காரீயம் கலந்ததா’ என்று கேட்டு வாங்குக. சாம்பல் நிறமாய், கனமாய், தாளில் தேய்த்தால் கருங்கோடு இடுமாயின் ஐயுறுக. கோடு இடாததனாலேயே தூயது என்றும் துணிந்துவிட வேண்டா. இரசம் உள்ளவரை சொம்பின் சூடு நூறு பாகையை அதிகம் தாண்டாது. வற்றிவிட்டால் சொம்பே உருகி அடுப்பில் ஓடும். ஈயத்தால் பற்றவைத்த எந்தக் கலத்தையும் வெறுமையாக அடுப்பேற்றக் கூடாது என்பதும் இதனாலேயே.

மீன் டின்னில் இப்பொழுது பற்றாசே இல்லை. தகர டின்களில் உணவை அடைக்கும் தொழிற்சாலை இலண்டன் நகரில் 1813இல் தொடங்கியபோது, ஒவ்வொரு டின்னும் கையால் பற்றவைக்கப்பட்டது. திறப்பதற்கு உளியும் சுத்தியலும் வேண்டியிருந்தன. இன்று மூடியின் ஓரத்தையும் உடலின் ஓரத்தையும் இயந்திரம் சேர்த்துச் சுருட்டி நசுக்குகின்றது. அந்த ஓரத்தில் மூடித்தகடு மூன்று அடுக்கும் உடல்தகடு இரண்டு அடுக்கும் ஆக ஐந்து அடுக்குகள் உள்ளன. இடையில் ஈயத்துக்குப் பதிலாக இருப்பது இரப்பர்ப் பசை. தொடக்கத்தில் பால் மரத்தின் பாலைக் கொண்டும், பிற்காலத்தில் செயற்கை இரப்பரைக் கொண்டும் அது செய்யப்பட்டது. வாளியில் நாம் சுமந்த பால் டின்னின் ஓரத்தில் ஒழுக்கைத் தடுத்து நின்றது என்பதை அறிய மகிழ்ச்சியே.

அவ்வோரம் நசுங்கினால் ஐந்து அடுக்கும் விலகி, கண்ணுக்குத் தெரியாத வழி திறந்துவிடும். நீர் ஒழுகாவிடினும் கிருமி புகும். ஆகவே கடையில் டின் வாங்கும்போது நடுவயிற்றில் உள்ள சிறு நெளிவைவிட, விளிம்பில் உள்ள நெளிவையே உற்று நோக்கவேண்டும். மூடி உப்பியிருந்தால் திறந்து முகர்ந்தும் பார்க்காமல் எறிந்துவிட வேண்டும்.