மாதக் கட்டணங்களில் மறைந்திருக்கும் வீண்விரயம்



வீண்விரயம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை திருமண மண்டபமும், சஹனில் எஞ்சிய பிரியாணியும்தாம். அவற்றைக் கண்டித்து மிம்பர்களில் நிறையவே பேசியிருக்கிறோம். மாதந்தோறும் ஓசையின்றி நிகழும் விரயத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. இதில் நானும் விலக்கானவன் அல்லன்.

எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர், மகளின் பள்ளிக் கட்டணத்திற்காக எட்டாயிரம் ரூபாய் அழகிய கடன் (கர்ளன் ஹஸனா) கேட்டு வந்தார். முதலில் வரவு செலவை எழுதிப் பார்ப்போமே என்று இருவரும் அமர்ந்தோம். அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஒவ்வொரு மாதமும் 299 ரூபாய் வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் மகன் ஏதோ ஒரு கிரிக்கெட் தொடரைக் காண்பதற்காகக் கைப்பேசியில் சேர்ந்த சந்தா அது. தொடர் முடிந்து பதினான்கு மாதங்கள் கடந்திருந்தன. கணக்கிட்டால் 4,186 ரூபாய். அவர் கேட்டு வந்த கடனில் பாதிக்கும் மேல்! அவர் முகத்தைப் பார்க்க எனக்கே வருத்தமாக இருந்தது.

தானாகக் கழிக்கப்படும் இத்தகைய தொகைகளுக்கு, 24 மணி நேரத்திற்கு முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. அறிவிப்பு வருகிறது, நாம்தாம் படிப்பதில்லை. யூபிஐ செயலியில் 'ஆட்டோபே' என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். எந்தெந்த நிறுவனத்திற்கு நாம் அனுமதி அளித்துள்ளோம் என்பது அங்கே தெரியும், ரத்தும் செய்யலாம். இச்சந்தாக்களைக் கிரெடிட் கார்டில் இணைத்துவிட்டு, உரிய நாளில் செலுத்தத் தவறினால் அது வட்டியில் கொண்டுபோய் விடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்து மின்கட்டணம். தமிழகத்தில் இரு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அதன்படி 500 யூனிட் பயன்படுத்திய வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட் என்றால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் எப்படிக் கூடுகிறது? 500-ஐத் தாண்டாத வீட்டுக்கு, 100 யூனிட் இலவசம் போக அடுத்த 100 யூனிட்டை 2.25 ரூபாய்க்குத் தந்தார்கள். தாண்டிய வீட்டுக்கு அந்த 100 யூனிட்டும் 4.50 ரூபாயாகிவிடுகிறது. பின்னர் 2024 ஜூலையில் கட்டணம் மேலும் உயர்ந்தது. ஆகவே கணக்கெடுப்பவர் வரும் வரை காத்திராமல், நாற்பதாம் நாளளவில் நாமே மீட்டரைப் பார்த்து வைப்பது நல்லது. இதை நான் அறிந்துகொண்டது, ஒரு கோடையில் என் வீட்டு மீட்டர் 500-ஐச் சற்றே தாண்டிய பிறகுதான்.

பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் எடுக்கும். பிஎல்டிசி வகை ஏறத்தாழ 30 வாட் எடுக்கும். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரு மாதங்களில் சுமார் 43 யூனிட் மிச்சம். விலை கூடுதல் என்பதால் எல்லாவற்றையும் ஒருசேர மாற்ற வேண்டியதில்லை. அதிகம் ஓடும் ஒன்றை முதலில் மாற்றலாம்.

கைப்பேசித் திட்டங்களில் 28 நாள் என்பதை ஒரு மாதம் என்று எண்ணிவிடுகிறோம். அக்கணக்கில் ஆண்டுக்குப் பதின்மூன்று முறை பணம் செலுத்துகிறோம். பேச மட்டுமே கைப்பேசி வைத்திருக்கும் முதியோருக்கு இணைய வசதி எதற்கு? இணையம் இல்லாத, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை வழங்குமாறு 2024 டிசம்பரில் டிராய் ஆணையிட்டது. பெற்றோருக்குப் பணம் கட்டும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

சிக்கனம் என்ற பெயரில் ஹராமில் விழுந்துவிடக் கூடாது. மீட்டரை ஏமாற்றுவதும், அண்டை வீட்டாரின் வைஃபையை அனுமதியின்றிப் பயன்படுத்துவதும் பிறர் உரிமையைப் பறிப்பதாகும். கேபிள்காரரை மூன்று மாதம் அலைக்கழிப்பதும் சிக்கனமன்று. அவர் உழைப்பின் கூலி அது. வயது முதிர்ந்த தாயின் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கணக்குப் பார்ப்பவரைக் கஞ்சர் என்றே சொல்வேன். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், உளூச் செய்திருக்கிறார்கள். ஆயினும் விருந்தினருக்குக் கொடுப்பதில் அவர்கள் குறை வைத்ததில்லை.

அச்சகோதரருக்கு எட்டாயிரத்தையும் ஜமாஅத் வழங்கியது. மாதம் ஐந்நூறு வீதம் திருப்பிச் செலுத்தி வருகிறார். அதில் 299 ரூபாய், முன்பு அந்தச் சந்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த பணம்.