தீர்ந்தது தூள், கார்ட்ரிட்ஜ் அல்ல

லேசர் பிரிண்டரில் எழுத்து மங்கியதும் கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டது என்கிறோம். தீர்ந்தது உள்ளே இருந்த டோனர் தூள்தான். பிளாஸ்டிக் கூடு, காந்த உருளை, பற்சக்கரங்கள், ஸ்பிரிங் எல்லாம் இன்னும் உழைக்கும் நிலையில்தான் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடைக்காரர்கள் நன்கறிந்த 12ஏ கார்ட்ரிட்ஜ் சுமார் 2,000 பக்கம் அச்சடிக்கும். அதற்காக மட்டும் இத்தனை உறுப்புகளையும் வார்த்து, கடல் கடந்து கொண்டுவந்து, பிறகு குப்பையில் போடுவது பெரும் விரயம்.

மறுஉற்பத்தி இந்த விரயத்தைத்தான் குறைக்கிறது. பழைய கார்ட்ரிட்ஜை முழுதாகப் பிரித்து, மிச்சத் தூளை உறிஞ்சி எடுத்து, தேய்ந்த டிரம்மையும் துடைக்கும் பிளேடையும் மாற்றி, புதுத் தூள் நிரப்பி, அச்சடித்துச் சோதித்து அனுப்புகிறார்கள். கூட்டுக்குப் புதிதாகப் பெட்ரோலியப் பிளாஸ்டிக் தேவையில்லை. நொறுக்கி மறுசுழற்சி செய்வதைவிடவும் இது மேலானது. நொறுக்கினால் பிளாஸ்டிக் மட்டுமே திரும்பக் கிடைக்கும். அதைக் கூடாக வார்க்கச் செலவான ஆற்றல் திரும்பாது.

ஆனால் தரம் கெட்டால் இந்த லாபம் காகிதத்திலேயே போய்விடும். கோடு விழுந்த பக்கங்களைத் திரும்பத் திரும்ப அச்சடித்தால் மிச்சம் பிடித்தது எதுவும் நிற்காது. கூட்டில் துளை போட்டுத் தூளை மட்டும் கொட்டித் தரும் ரீஃபில்லை மறுஉற்பத்தி என்று சொல்ல முடியாது. டிரம் தேய்ந்திருந்தால் எவ்வளவு நல்ல தூளும் உதவாது.

திறந்தவெளியில் தூள் நிரப்பும் தொழிலாளியின் நுரையீரலையும் நாம் நினைக்க வேண்டும். டோனர் என்பது சில மைக்ரான் அளவே உள்ள பிளாஸ்டிக் துகள். கறுப்புத் தூளில் பெரும்பாலும் கார்பன் பிளாக் கலந்திருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை கார்பன் பிளாக்கை, புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றின் வரிசையில் வைத்திருக்கிறது. முகக்கவசமும் உறிஞ்சும் கருவியும் இல்லாத கடையில் கார்ட்ரிட்ஜைக் கொடுக்காதீர்கள். வீட்டில் தூள் சிந்தினால் ஈரத்துணியால் துடையுங்கள். துணியில் பட்டால் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். தீயில் மட்டும் போடவே கூடாது, குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பழையதைப் பளபளப்பாக்கி, சீல் வைத்த பெட்டியில் அடைத்து, புதிது என்று விற்பது மோசடி. புதுப்பித்த பொருளைப் புதியதாகக் காட்டுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடைமுறை என்றே வரையறுக்கிறது. ஆகவே மறுஉற்பத்தி என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் தொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே சிறு கடை நடத்துபவருக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. பலர் இதை அறியாமலே நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறார்கள்.

இன்னொரு தடை பிரிண்டருக்குள்ளேயே இருக்கிறது. சில பிரிண்டர்கள் கார்ட்ரிட்ஜில் உள்ள சிப்பைப் பார்த்துப் பிற நிறுவனங்களின் கார்ட்ரிட்ஜை மறுத்துவிடும். இதை வாங்குபவரிடம் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2020இல் இத்தாலியின் போட்டி ஆணையம் எச்.பி. நிறுவனத்துக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. விற்ற கார்ட்ரிட்ஜின் மேல் காப்புரிமையைக் காட்டி மறுபயன்பாட்டைத் தடுக்க முடியாது என்று லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில் 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. எனவே பிரிண்டர் வாங்கும் முன்பே, பிற கார்ட்ரிட்ஜை அது ஏற்குமா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளில் பிரிண்டரோடு கார்ட்ரிட்ஜும் அடங்கும். இனி உதவாது என்றானதைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்க வேண்டும். காலியானாலும் நல்ல நிலையில் இருப்பதை, புதியது வந்த உறையிலேயே வெளிச்சம் படாமல் வைத்து மறுஉற்பத்தியாளரிடம் கொடுங்கள். வெளிச்சம் பட்டால் டிரம் கெடும், கீழே விழுந்தால் கூடு விரிசல் விடும். அப்புறம் அதை யாரும் எடுக்கமாட்டார்கள்.