காய்ச்சல் வந்தால் காத்திருக்க வேண்டாம்

"வியாதி மனசில், இரத்தம் ஏன் எடுக்கிறார்கள்?" மனச்சிதைவு நோய்க்கு குளோசபின் மருந்து தொடங்கிய குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். விளக்கம் சொல்லாமல் சீட்டை மட்டும் நீட்டினால், 'பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்' என்று நாலாவது வாரமே பரிசோதனையை விட்டுவிடுவார்கள்.

குளோசபின் எடுத்த எடுப்பில் கொடுக்கும் மருந்தன்று. இரண்டு மருந்துகளையாவது போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் காதில் கேட்கும் குரல்கள் ஓயாதபோதுதான் மருத்துவர்கள் இதற்கு வருகிறார்கள். மற்றவற்றுக்கு அடங்காத நோய் இதற்கு அடங்குவதுண்டு. ஆனால் சிலருக்கு இது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களைச் சரித்துவிடும். 1975இல் பின்லாந்தில் எட்டு நோயாளிகள் இப்படி இறந்தார்கள். பல நாடுகள் இம்மருந்தைக் கைவிட்டன. 1988இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதன் பலனை நிலைநாட்டிய பிறகே, 1989இல் அங்கு அனுமதி கிடைத்தது. அதுவும் இரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு.

பயப்படும் அளவுக்கு இது அதிகமில்லை. நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பாலும் முதல் 18 வாரங்களில்தான் வரும். அதனால்தான் பல நாடுகளில் அந்த 18 வாரமும் வாரந்தோறும் பரிசோதிக்கிறார்கள். பிறகு இடைவெளி கூடும். எண்ணிப் பார்ப்பது நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் அது 500க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் 2025இல் கட்டாயப் பதிவுத் திட்டத்தை நீக்கிவிட்டார்களே என்று சிலர் கேட்கலாம். நீக்கியது பதிவைத்தான், பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே கண்காணிக்க வேண்டியவர்கள் வீட்டார்தான். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் கண்டால் 'உடம்புச் சூடு' என்று பனடால் கொடுத்துப் படுக்க வைப்பது நம் வழக்கம். குளோசபின் சாப்பிடுபவர் விஷயத்தில் அது கூடாது. அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். வார இறுதியானால் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆனால் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாதே! பக்கத்துக் கிளினிக் மருத்துவருக்கு இந்த மருந்து விவரம் தெரியாமலிருக்கலாம். நீங்களே முதலில் சொல்லுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. பக்க விளைவைக் கேள்விப்பட்டதும், யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் சீக்கிரமே, சில வேளை முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து தவறினால் பழைய அளவில் மறுபடி கொடுக்கவும் கூடாது. இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கலாம், வலிப்பும் வரலாம். மருத்துவர் 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்பத் தொடங்குவார்.

சர்க்கரையும் கொழுப்பும் ஏறுவது வேறொரு தொல்லை. இரத்தம் எடுக்கும்போது அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், அளவு, கடைசிப் பரிசோதனைத் தேதி மூன்றையும் ஒரு சிறு அட்டையில் எழுதி நோயாளியின் பணப்பையில் வையுங்கள். இன்னொன்று உங்கள் பையில் இருக்கட்டும்.